கைப்பிடி

இரத்மலானைக் கொட்டகை. நீள மேசை.
அதன்மேல் பொல்கொட ஏரிப் பாசி
இன்னும் காயாத என் பரசூட்.

பெர்னதெத் அக்கா நூல் நூலாகத் தடவுகிறார்.
"எத்தனை அடியில?"
"இரண்டாயிரத்துச் சொச்சம்."
"வால்?"
"மற்றக் கிளைடர் கொண்டுபோயிட்டுது."

மூடி, பெல்ட், வெளியே:
வெள்ளவத்தை ஏழாம் மாடியில்
பிளாஸ்டிக் கதிரையிலிருந்து நூறு தரம் பழகினது.
நூறு தரமும் கதிரை அசையாமல் நின்றது.
அங்கே அது சுழன்றது,
மடியில் யாரோ ஏறி இருந்த பாரம்.
எப்படி வெளியே வந்தேன் என்ற இடத்தில்
விசாரணைத் தாளில் ஒரு வரி வெறுமையாகக் கிடக்கிறது.

பிறகு சத்தமே இல்லை.
காலி வீதி பஸ் ஒன்றின் ஹோர்ன் மட்டும்
கீழிருந்து ஏறி வந்தது,
என்னை விலகச் சொல்வதுபோல.

அட்டையில் அவர் கையெழுத்து:
மார்ச் நாலு, ஈரப்பதன் எழுபத்தெட்டு.
ஒரு முழுப் பகல் மடித்தது
மூன்று செக்கனில் அவிழ்ந்தது.

நன்றி சொல்ல வாயெடுத்தேன்.
"கைப்பிடி எங்க? கணக்குக்கு வேணும்."

சட்டைப் பைக்குள்தான்.
மூன்று இரவும் அதோடுதான் நித்திரை.
எடுத்து நீட்டினேன்,
விரல் விரியவில்லை.

அவர்தான் பிரித்தார்,
சிக்கின நூலைப் பிரிக்கிற மாதிரி,
அவசரப்படாமல்.