கேட் போட்டிருந்தார்கள்

நீடாமங்கலம் கேட் போட்டிருந்தார்கள்.
நெல் ஏற்றிய கூட்ஸ், முடிவில்லாதது.
ஸ்கூட்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு
நின்ற இடத்திலேயே நடந்தேன்.
லாரி கிளீனர் பையன் சிரித்தான். சிரிக்கட்டும்.
மணிக்கட்டில் கடிகாரம் அதிர்ந்து சொன்னது:
இன்று எரித்தது முந்நூற்றுப் பன்னிரண்டு.
அதன் கீழே, பச்சை எழுத்தில்:
சாப்பிட இன்னும் இருக்கிறது.

இருக்கிறதா?

கேட்டுக்கு இந்தப் பக்கம் வாணலி.
வாழைக்காய் பஜ்ஜி எண்ணெயில் புரண்டு படுக்கிறது
ஞாயிற்றுக்கிழமை மதியத்து ஆள் மாதிரி.
ஒன்று நூற்று ஐம்பது.
இரண்டு தின்றால், காலை ஐந்து மணிக்கு எழுந்து
வெண்ணாற்றங்கரையில் நான் நடந்த நடை
நடக்காத நடை.

லூர்துநாதன், ஆபீஸில் எனக்கு அடுத்த மேஜை,
பதினோரு கிலோ குறைத்து
பெல்ட்டில் ஆணியால் புது ஓட்டை போட்டவர்,
"எரிச்சது எரிச்சதுதான் மேடம்,
சாம்பலை அள்ளித் திம்பாங்களா?" என்கிறார்.
நல்ல பேச்சுதான்.
ஆனால் நாலு மணிக்கு அவர் விரல் நடுங்குகிறது,
பியூன் மேல் எரிந்து விழுகிறார்.
அதுவும் கணக்கில் சேருமோ என்னவோ.

தஞ்சாவூர் டாக்டரம்மா பேனாவால் மேஜையைத் தட்டி
"பாதி" என்றார்.
எதில் பாதி என்று கேட்பதற்குள்
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எனக்கு வேலை, அளவு எழுதுவது.
மூணாறு தலைப்பில்
வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு
மூன்றுக்கும் மூன்று பத்தி.
காலை ஆறு, மாலை ஆறு.
திறந்தது இத்தனை கன அடி என்று கையெழுத்துப் போடுகிறேன்.
அந்த எண் பொய் இல்லை.
ஆனாலும் கடைமடையிலிருந்து
செல்லக்கண்ணு போன் போடுவார்:
"பேப்பர்ல வந்துடுச்சு தாயி, வாய்க்கால்ல வரல."
நடுவில் மண் குடிக்கிறது, வெயில் குடிக்கிறது,
ஆகாயத்தாமரை குடிக்கிறது,
யாரோ ராத்திரியில் வந்து
மதகில் ஒரு சாக்கை நகர்த்திவிட்டுப் போகிறார்கள்.

அன்றைக்குத்தான் மணிக்கட்டைச் சந்தேகப்பட்டேன்.
இதுவும் தலைப்பில் எழுதின எண்தானே.
உட்கார்ந்து சப்பாத்தி மாவு பிசைந்தாலும்
நடந்தாய் என்று ஒத்துக்கொள்கிற பிராணி.
நானும் லேசுப்பட்டவள் இல்லை.
தின்றதை எழுதும்போது என் கை சுருங்கிவிடும்.
ஒரு கரண்டி சாதம் என்பேன்;
எந்தக் கரண்டி என்பது எனக்கும் சாமிக்கும்.
இரண்டு பொய்க்கும் நடுவே
எண்பத்தொன்றே முக்கால் கிலோ
துருப்பிடித்த ஷட்டராக
ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அதற்காக அடியோடு மூடிவிட முடியுமா?
மூடிப் பார்த்தேன், புரட்டாசியில், ஒன்பது நாள்.
ஒன்பதாம் ராத்திரி பதினொன்றரைக்கு
பிரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றபடி
மகன் விட்டுப்போன அரை தோசையில் தொடங்கினேன்.
எதில் முடித்தேன் என்று சொல்ல மாட்டேன்.
உடைப்பு எடுத்தால் கணக்கு நோட்டு மிதக்கும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
ஆற்றையே அளக்கிறவள் நான்.
தட்டில்தான் தடுமாறுகிறது.

இப்போது முறை வைத்திருக்கிறேன்.
கடிகாரம் சொன்னதில் பாதியை
மண் குடித்ததாக எழுதிவிடுகிறேன்.
மீதிப் பாதிக்குப் பசி உண்மைதானா என்று
ஒரு சொம்பு மோரை உள்ளே அனுப்பிக் கேட்கிறேன்.
உண்மை என்றால் ஒரு முட்டை, ஒரு கொய்யா.
சில நாள் மோரே போதும் என்று வயிறு சொல்கிறது.
சில நாள் வயிறும் பொய் சொல்கிறது.

கடைசிப் பெட்டி போய்விட்டது. கேட் ஏறுகிறது.
எல்லா வண்டியும் ஒரே மூச்சில் உறும
பஜ்ஜிக்காரர் காகிதத்தில் ஒன்றை வைத்து நீட்டுகிறார்.
நான் கேட்கவே இல்லை.
முந்நூற்றுப் பன்னிரண்டில் பாதி
நூற்று ஐம்பத்தாறு.
ஒன்றுதான். சட்னி வேண்டாம்.

ஓரமாக நின்று, நுனியிலிருந்து, மெதுவாகத் தின்றேன்.
எண்ணெய் விரலால் கடிகாரத்தை
உள்ளங்கைப் பக்கம் திருப்பிவிட்டேன்.
தலை நிமிர்ந்தபோது
கேட்டை மறுபடி போட்டிருந்தார்கள்.

நின்ற இடத்திலேயே
நடக்க ஆரம்பித்தேன்.