அரைப்பேர்

விடியும்போதே காய்ச்சல்.
யாரிடமும் சொல்லவில்லை.
சொன்னால் வீட்டில் இரு என்பார்கள்,
வீட்டில் இருந்தால் பேர் விழாது.
எங்கள் தோட்டத்தில் ஒரு நாள் கூலிக்குப்
பேர் என்றுதான் பேர்.
பதினெட்டுக் கிலோ கொழுந்து முழுப்பேர்.
குறைந்தால் அரைப்பேர்.

ஏழாம் நம்பர் மலையில்
மழை நின்று பெய்யாது, நடந்து பெய்யும்.
இடுப்பில் கட்டிய படங்குக்குள்ளும் ஈரம்.
அட்டைகளுக்கு அது கல்யாண நாள்.
முன்நிரையில் போன காஞ்சனாவின் கணுக்காலில் ஒன்று,
அழகேஸ்வரியின் விரலிடுக்கில் இரண்டு.
முந்தியில் முடிந்திருந்த சவர்க்காரத் துண்டால்
தேய்த்துத் தேய்த்து விழச்செய்தேன்.
"ஒங்களுக்குக் கண்ணு கூர்மக்கா" என்றாள் காஞ்சனா.
அடுத்தவர் காலென்றால் கூர்மைதான்.

மாலை, தராசு.
கணக்கப்பிள்ளை நிமிரவில்லை.
"பன்னெண்டு. மல்லி, அரைப்பேர்."

என் பேரையே அவர் அரையாகத்தான் கூப்பிடுவார்.
செக்ரோலிலும் அப்படித்தான் இருக்கிறது.
மகனின் பள்ளிக்கூடக் கடிதத்தில் நான் தாய்.
கொழும்பில் கடையில் நிற்கிற மனுசனுக்கு,
போனில், ஏய்.
அந்த ஏய்க்குள்ளும் அன்பு உண்டு,
குறை சொல்லவில்லை.

குறுக்குப் பாதையில் இறங்கும்போது
பின்னால் யோகமலர் வந்தாள்.
மூன்று மாதமாகப் பேச்சில்லை.
பீலிக்கரையில் என் குடத்தைத் தள்ளிவைத்தாள்.
அவளிடம் கேட்டால்
நான்தான் தள்ளினேன் என்பாள்.
அடுத்தடுத்த காம்பரா, நடுவில் ஒற்றைச் சுவர்.
அவள் இருமினால் எனக்குத் தூக்கம் போகும்.
அப்படியும் பேச்சில்லை.

"நில்லு" என்றாள்.

முழங்காலின் பின்மடிப்பில்,
தனக்குத் தானே பார்த்துக்கொள்ள முடியாத இடத்தில்,
மொச்சைக்கொட்டை அளவுக்குக் குடித்து
உருண்டு கிடந்திருக்கிறது ஒன்று.
காலையிலிருந்தா, நேற்றிலிருந்தா, தெரியாது.
பாதையிலேயே குந்தி
உப்புப் பொட்டலத்தை அவிழ்த்தாள்.
விரல் பட்டதும் நிறுத்தினாள்.
"ஒடம்பு சுடுதே."

பதில் சொல்லத் தெரியவில்லை.
கொழுந்தெல்லாம் நிறுத்தாகிவிட்டது.
வெறுங்கூடைதான்.
அப்படியும் கயிறு நெற்றியை இழுத்தது.

வீட்டில் மா பிசையவேண்டும்.
மகனின் சட்டையை அடுப்புக்கு மேலே காயப்போடவேண்டும்.
அதையெல்லாம் விட்டுவிட்டு
கேத்தலை வைத்தேன். பேசினை எடுத்தேன்.
நிஷாந்தன் எட்டிப் பார்த்தான்.
அந்தப் பேசின் அவன் காய்ச்சலுக்குத்தான் வெளியே வரும்.
"யாருக்கும்மா சொகமில்ல?"
"எனக்கு."

அந்தச் சொல் வாயில் புதுசாக இருந்தது,
பல் பிடுங்கிய இடத்தில் நாக்குப் போவதுபோல.

அவனே மா பிசைந்தான்.
கட்டி கட்டியாக. தண்ணீர் கூடி, பிறகு மா கூடி.
முதல் ரொட்டி கோணல், நடுவில் வேகவில்லை.
முதல் ரொட்டியை நான் சாப்பிட்டேன்.
இத்தனை வருசத்தில்
முதல் ரொட்டி எப்படி இருக்குமென்று
அன்றுதான் தெரிந்தது.
மாவாக இருந்தது.

வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்தேன்.
குதிகால் வெடிப்பெல்லாம்
வெயில் காலத்துக் கானைப்போல.
இந்தக் கால்தான் ஏறுகிறது, இறங்குகிறது,
பிள்ளையைத் தூக்கிக்கொண்டு
ஒரு ராத்திரி மருந்துக் காம்பராவுக்கு ஓடியதும் இதுதான்.
ஒரு தரமாவது குனிந்து
என்ன என்று கேட்டிருக்கிறேனா?
பெருவிரலிலிருந்து மெல்லத் தேய்த்தேன்.
பிறகு, மகன் கேட்காத குரலில்,
இராசமல்லிகா என்று கூப்பிட்டேன்.
முழுப்பேர்.
எந்தத் தராசும் பார்க்கவில்லை.
அடுப்பில் விறகு வெடித்தது, அவ்வளவுதான்.

நாளைக்கு மலைக்குப் போவேனா, தெரியாது.
போகாவிட்டால் பேர் இல்லை.
அரிசிக் கடனும் இருக்கிறது,
அது காய்ச்சல் பார்த்து நிற்காது.

கொத்தமல்லியும் இஞ்சியும் தட்டிப்போட்டு
ஒரு கொதி விட்டேன்.
ஒரு கோப்பை நான் குடித்தேன், கடைசிவரைக்கும்,
யாருக்கும் மிச்சம் வைக்காமல்.
கேத்தலில் இன்னும் பாதி இருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் இருமல்.
மழைக்கு முந்தியே தொடங்கிய இருமல்.
சுவரை இரண்டு தரம் தட்டினேன்.
"மல்லித்தண்ணி இருக்கு. ஆறிரும்."

இருமல் நின்றது.
தகரத்தில் தூறல் மட்டும்,
கொஞ்ச நேரம்.

"கோப்ப கொண்டாரவா?"