பெயர்த்தல்

ஹாரு என்றால் எங்கள் எஸ்தோனிய மொழியில் கிளை.
ஜப்பானியத்தில் அதுவே வசந்தம்.
இரண்டு நிரல்கள், ஒரே பெயர்,
போய் உட்காரும் அடைவும் ஒன்றுதான்.
ஒரு உறைக்குள் இரண்டு கத்தி.

ஹில்லார் பாயு எழுதியது
மரத்தின் சுற்றளவை மில்லிமீட்டரில் குறித்துவைக்கும்.
கானாசாவாவில் தொக்கிகோ ஷிமோதே எழுதியது
மொட்டு எந்த நாளில் விரியும் என்று கணிக்கும்.
முன்னதை வைத்திருப்போர் நாற்பது பேர்.
பின்னதைக் கேட்டு நிற்போர் நாலாயிரம்.

தார்த்துவில் பனி ஜன்னலின் பாதிவரை ஏறிய இரவு
யாரையும் கேட்காமல் நானே முடிவெடுத்தேன்.
பொதி கட்டும் கோப்பில் ஒரே ஒரு வரி:
நிறுவியபின் ஹாருவை ஹாரு-பூ ஆக்கு.
(எங்கள் மொழியில் பூ என்றால் மரம். சிரிக்காதீர்கள்.)
சோதனைகள் எல்லாம் பச்சை காட்டின.
தூங்கப் போனேன்.

கைநூல் பழைய பெயரிலேயே கிடந்தது.
நிரலின் வயிற்றுக்குள் ஏதோ ஒரு மூலையில்
அது தன்னைத்தானே பழைய பெயரில்
கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

வோரு காட்டில் லெய்தா உய்போவின் கணினி
விடிகாலை நாலுக்கு ஹாருவை எழுப்பும்.
பதினோரு நாள் எழுப்பிப் பார்த்தது.
அப்படி ஒருவர் இங்கே இல்லை என்ற பதில்
யாரும் திறக்காத அஞ்சல்பெட்டியில்
விழுந்துகொண்டே இருந்தது.
அந்தப் பதினோரு நாளில்தான்
மைனஸ் முப்பதில் மரங்கள் சுருங்கின.
எவ்வளவு என்று இனி மரத்துக்கும் தெரியாது.

லெய்தா திட்டவில்லை.
"வீடு மாறினால் தபால்காரரிடமாவது
சொல்லிவிட்டுப் போவார்களே" என்றார்.

சொல்லுக்குள்ளேயே இருந்திருக்கிறது.
பெயர் என்பது பெயர்வதும்தான்.
பெயர்த்தால்
மண்ணோடு வேரும் கூடவே வரும்.

முதல் நாளே எழுதியிருக்க வேண்டிய கடிதத்தை
இருவருக்கும் எழுதினேன்.
ஹில்லார் எட்டு நாள் பேசவில்லை. பிறகு:
"என் கிளையை வெட்டு. அவர் வசந்தத்தையும் வெட்டு."
ஷிமோதே ஒரே இரவில் பதில் போட்டார்;
மூலத்திலேயே மாற்றிவிட்டார்,
கைநூல், உள்ளழைப்பு எல்லாம் சேர்த்து.
அதைப் பார்த்து ஹில்லாரும் மாற்றினார், முணுமுணுத்தபடி.
என் கோப்பில் அந்த ஒற்றை வரிக்கு வேலை போயிற்று.

பழைய பெயரில் ஓர் இணைப்பை மட்டும் விட்டுவைத்தேன்,
ஹாரு-பூவின் வாசலுக்கு ஆள் கூட்டிப் போக.
மாற்றக் குறிப்பின் தலைமாட்டில்
நாளும் காரணமும் என் பெயரும்.

இது ஜூன். இரவே இல்லை.
இணைப்பை அழிக்க உட்கார்ந்தவன்
லெய்தாவைத் தொலைபேசியில் அழைத்தேன்.
மணி அடிக்கிறது.
காட்டில் இருப்பார்.
கோப்பைச் சேமிக்காமல் மூடுகிறேன்.