பதினொரு நாள்

மங்காஃபிலிருந்து அப்பாசியா அரை மணி நேரம்.
அங்கே வாடகை நாற்பது தினார் குறைவு.
அதற்காகத்தான் பள்ளி மாறினாள் மர்ஜியா.
"ஆளை இழுத்துட்டாங்க" என்றார் எங்கள் கோச்.

புகாரை எழுதியது நான்.
என் கையெழுத்து அழகாம்.
சேர்க்கைக்குக் கடைசி நாள்: ஏப்ரல் முப்பது.
டி.சி.யில் உள்ள தேதி: மே பதினொன்று.
ஏன் தாமதம் என்பதற்குப்
படிவத்தில் கட்டம் இல்லை.

இரண்டு டேர்ம் ஃபீஸ் பாக்கியென்று
ஆபீஸில் அதைப் பிடித்து வைத்திருந்த நாளெல்லாம்
கண்ணாடி ஜன்னலுக்கு இந்தப் பக்கம்
அவளோடு நின்றவளும் நான்தான்.
பணம் நுழைக்கும் பிளவு வழியே
ஏ.சி. காற்று
எங்கள் விரல்களுக்கு மட்டும் வந்தது.

நவம்பர். நூறு மீட்டர்.
நான்காவது லேன் காலி.
காலி லேனும் ஓடும் போலிருக்கிறது;
எழுபதாவது மீட்டர் வரை
தோளோடு தோளாக அதன் மூச்சு.

தங்கம் எனக்கு.

கம்பி வேலிக்கு அப்பால்
புதுப் பள்ளி யூனிஃபார்மில் நின்றிருந்தாள்,
கையில் செல்போன், நிறுத்திய கடிகாரம்.
"பதிமூணு புள்ளி எட்டு" என்றாள்.
"போன வருஷம் என்கிட்ட தோத்தப்போ
இதைவிட வேகமா ஓடினேடி."