ஙா

ஙகரத்தில் தொடங்கும் பெயரோடு
ஒருத்தி இருக்கிறாள், கெம்னிட்ஸ் நகரத்தில்.
நாம் சிலேட்டில் எழுதிப் பழகியதோடு சரி,
ஒரு வீடும் கொடுக்காமல் விட்ட எழுத்து.
ஙா.
அவள் மொழியில் தந்தம்.
வருகிறவர்கள் வாயில் அது நுழையாது.
கண்ணாடிக் கதவில் ‘நீனா’ என்று ஒட்டியிருக்கிறாள்.

டிராம் போகும்போதெல்லாம் குப்பிகள் கிணுகிணுக்கும்.
பதினோரு வருடம்
பிறர் விரல்மேல் குனிந்தே இருந்ததில்
அவளே அந்த எழுத்தாக வளைந்துவிட்டாள்.
அரம் ஓட ஓட வெள்ளைத் தூள் எழும்பி
இமைமயிரில், தேநீரில்,
மூடி வைத்த சோற்றிலும் எப்படியோ படியும்.
வாசனையா?
முதல் மாதம் தலை வலித்தது.
பிறகு மூக்கு மறந்துவிட்டது.
மூக்கு மறந்ததைத்
தோல் கணக்கெழுதி வைத்திருந்தது.

கட்டைவிரல் நுனியில் அரிப்பு.
குளிர் என்றாள். சோப்பு என்றாள்.
வெங்காயச் சருகாய் உரியத் தொடங்கியது.
வெடிப்பில் மீன்சாறு பட்டால்
அடுப்படியில் ஒற்றைக்காலில் குதிப்பாள்.
கைபேசி அவள் ரேகையைத் தெரியாது என்றது.
குடியேற்ற அலுவலகத்தில்
கண்ணாடிச் சில்லில் அழுத்தச் சொன்னவர்
துடைத்துவிட்டு மறுபடி என்றார்,
மறுபடி என்றார்,
‘உங்களுக்கு விரல் இருக்கிறதுதானே?’ என்று சிரித்தார்.
நல்ல மனிதர்தான்.

தோல் மருத்துவர் அவள் முதுகில்
சின்னச் சின்னச் சதுரங்கள் ஒட்டி
பேனாவால் எண் போட்டார்.
குளிக்காதே, வியர்க்காதே, வெள்ளிக்கிழமை வா.
பதினேழாம் எண் மட்டும்
சிவந்து பொருமியிருந்தது.
நகத்தில் கல்லாவதற்குமுன்
பசையாய் இருக்குமே, அது.
ஊதா விளக்கில் இறுகாமல் மிஞ்சியது
உள்ளே போயிருக்கிறது.
‘கையுறை போட்டிருந்தேனே?’
‘அதைத் தாண்டச் சில நிமிடம் போதும்.’

பல் அடைக்கும் பசையிலும் அதன் உறவுக்காரர்கள்.
பின்னாளில் முட்டி தேய்ந்து மாற்ற வேண்டிவந்தால்
எலும்பை ஒட்டும் சிமெண்டிலும்.

குடியிருப்பு அட்டைக்கு ஏழு முறை வரிசையில் நின்றாள்.
ஒவ்வாமை அட்டை பத்து நிமிடத்தில் வந்தது.
செவிலி ரோஸ்விதா நிதானமாய் எழுதினாள்,
‘எழுத்தின் தலையில் ஒரு சாய்கோடு உண்டுதானே?’
கேட்டு, அதையும் போட்டாள்.
படித்துப் பார்த்தாள்:
ந்கா... இங்கா...
ஙா.
இந்த நாட்டில் அவள் பெயரை
முழுதாய் எழுதிய முதல் காகிதம்
எதை அவள் தொடக்கூடாது என்று சொல்கிற காகிதம்.

திங்கட்கிழமை.
கடை வாடகை ஐந்தாம் தேதி.
கைக்கு இரண்டு உறை, முன்பைவிடத் தடித்தவை.
வெளியே மைனஸ் நான்கு,
ஜன்னல் முழுதாய்த் திறந்திருக்கிறது.
கோட்டைக் கழற்றாமல்
ஒரு கையை மட்டும் நீட்டியபடி ஃப்ராவ் லாங்கெ,
‘நீனா, அதைச் சாத்தேன், விறைக்கிறது.’

நிமிராமல் சொல்கிறாள்:
‘இல்லை.’
அரம் ஓடுகிறது.
கொஞ்சம் பொறுத்து,
‘என் பெயர் நீனா இல்லை.’