தசம் மூன்று

ஒன்று தசம் ஐந்து என்றிருந்த எல்லையை
ஒன்றுக்கு இறக்கலாமா என்று கேட்டு
கொழும்பிலிருந்து ஒரு கடிதம்.
இணைப்பு: நாலு நிரல் அட்டவணை.
நிரப்பி அனுப்ப மூன்று கிழமை.

நெடுங்கேணிப் பக்கம்
இருபத்தேழாம் இலக்கக் குழாய்க்கிணறு
ஒன்று தசம் மூன்று.
கோட்டை இங்கே கீறினால் நல்ல தண்ணீர்,
அரை விரல் தள்ளிக் கீறினால் கூடாத தண்ணீர்.
தண்ணீர் இருந்த இடத்திலேயே இருக்கிறது,
நூற்றிருபது அடி கீழே,
எங்கள் கடிதம் கிடைக்காமல்.

புளோரைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை.
சீனி போடாத பிளேன்ரீயிலும்
நாக்குக்கு அது பிடிபடாது.
பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை
வரிசையாய் நிறுத்திச் சிரிக்கச் சொன்னேன்.
நாற்பத்தொரு பேர்.
இருபத்தாறு பேரின் முன்பல்லில் சுண்ணாம்புப் புள்ளி,
சிலருக்கு மண்ணிறம்.
யதுர்சன் மட்டும் வாயைத் திறக்கவில்லை.
அவனை இருபத்தேழாவதாக எழுதுவதா?
படிவத்தில் அதற்கொரு கட்டமில்லை.

சிறுநீரகம் வேறு கதை.
காரணம் இதுதானா, தண்ணீரின் கடினமா,
வெயிலா, வயலுக்கு அடிக்கிற மருந்தா,
ஆராய்கிறவர்கள் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள்.
"இருக்கலாம்" என்று எழுதினேன்.
இருக்கலாம் என்பது எத்தனை ரூபா?
கழிவு வீதம் எட்டு என்றது கடிதம்.
முப்பது வருடம் கழித்துப் பழுதாகும் சிறுநீரகத்துக்கு
நூறு ரூபா போட்டால்
இன்றைக்கு அது பத்து ரூபா.
இரண்டு தரம் தட்டிப் பார்த்தேன், பிழையில்லை.
அந்தப் பத்து ரூபாவோடு
யார் வவுனியாக் கிளினிக்குக்கு பஸ் ஏறுவார்?

சனசமூக நிலையத்தில் கூட்டம்.
கிணற்றை மூடினால் அடுத்த நல்ல தண்ணீர்
சந்தியில், போகவர நாற்பது நிமிடம்.
கரியரில் ஒரு கான், ஹாண்டிலில் ஒரு கான்.
"போய்வாற நேரத்தை எங்க போட்டிருக்கிறியள், மிஸ்?"
யதுர்சனின் அம்மா, திலகேஸ்வரி.
பார்த்தேன்.
போட்டுத்தான் இருந்தேன்: பூச்சியம்.
கூலி வாங்காதவரின் நேரம் செலவில் சேராது,
வழிகாட்டியில் அப்படித்தான்.
அவள் சண்டைக்கு வரவில்லை.
"கச்சான் பிடுங்கப் போனா ஆயிரத்தெண்ணூறு.
அதைப் போடுங்கோ."

போட்டேன்.
அறுபத்துமூன்று குடும்பம், நாளைக்கு இரண்டு நடை,
எண்பத்துநாலு மணித்தியாலம்,
வருடம் அறுபத்தொன்பது இலட்சம்.
தராசு திரும்பியது.
திரும்பிய பக்கத்தைப் பார்த்து எனக்கு வியர்த்தது.
அவள் நேரத்துக்கு விலை வைத்ததும்
கிணற்றை மூடுவது நட்டமாயிற்று.
அவளை ஒரு சதத்துக்கும் மதிக்காதவரைக்கும்தான்
அவள் பிள்ளையின் பல்லுக்குப் பாதுகாப்பு இருந்தது.

"அப்ப மெசின்?" என்றார் பின்வரிசையில் பரஞ்சோதி.
மூன்று லீற்றர் விட்டால் ஒன்று குடிக்கலாம்,
இரண்டு உப்போடு வாய்க்காலுக்கு.
உள்ளே இருக்கிற சவ்வை மாற்ற
யாரோ ஒருவர் காசு தரவேண்டும்.
அந்த யாரோ கூட்டத்துக்கு வரவில்லை.

போகும்போது பிளேன்ரீ தந்தார்கள்.
எந்தத் தண்ணீர் என்று நான் கேட்கவில்லை.
ஜீப்பின் பின்னால் ஒரு தகரம் சிவப்புப் பெயின்ற்,
மூடி திறக்காமல் திரும்பி வந்தது.

வெள்ளிக்கிழமை அட்டவணை போயிற்று.
பூச்சியத்தை அழித்த இடத்தில் தாள் மெலிந்துவிட்டது,
வெளிச்சத்துக்குப் பிடித்தால் தெரியும்.
பரிந்துரை: ஒன்று.
கட்டத்துக்கு வெளியே, கையெழுத்தில்:
குழாய் வரும்வரை பவுசர் அனுப்பவேண்டும்,
நடக்கிற செலவு எங்கள் கணக்கில், அவர்கள் கணக்கில் இல்லை.

திங்கள் பத்து மணிக்கு அழைப்பு.
இளம் குரல், மரியாதையான பெடியன்.
"இந்த வரி எந்த நிரலுக்கு?"
ஐந்தாவது ஒன்று கீறுங்கோ தம்பி, என்றேன்.
கொஞ்ச நேரம் லைனில் மின்விசிறிச் சத்தம்.
"படிவத்தில நாலுதானே, மிஸ்."