மின்கட்டண ரசீதின் பின்பக்கம்

முதலில் முதுமலை என்றுதான் எழுதியிருந்தேன்.
மஞ்சக்குப்பத்து டாக்டர்
நறுமுகையின் முதுகில் நான்கு இடத்தில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுவிட்டு
"மார்கழியில மலை வேணாம்மா" என்றதும்
அதை அடித்துப் பிச்சாவரம் ஆக்கினேன்.

"அங்க புலி இருக்கா?"
இல்லை.
"யானை?"
இல்லை.
"அப்ப என்னதான் இருக்கு?"
மரம், என்றேன். தண்ணீரில் நிற்கிற மரம்.
அவள் தம்பியைப் பார்த்தாள்.
கோவேந்தன் அவளைப் பார்த்தான்.
அந்தப் பார்வைக்குப் பதிலாகத்தான்
இத்தனையும் எழுதினேன்:

செம்மண்டலத்தில் ஆறு மணிக்குப் பேருந்து,
சிதம்பரத்தில் மாறி எட்டரைக்குள் படகுத்துறை.
படகில் பறவை எண்ணும் போட்டி,
கொக்குக்கு ஒன்று, மீன்கொத்திக்கு ஐந்து.
உதிர்ந்த இலை பொறுக்கி நோட்டில் ஒட்டுவது
(தில்லை மட்டும் கூடாது, பால் பட்டால் கண் எரியும்).
வேரைப் பார்த்து வரைவது. பழுப்பு கிரேயான் இரண்டு.
எலுமிச்சை சாதம், மாற்றுச் சட்டை, கொசு மருந்து.
கழிவறை எங்கெங்கே இருக்கும் என்று
குணாளனைக் கேட்டேன்.
"போய்ப் பார்த்துக்கலாம்" என்றார்,
பிள்ளை பெறாதவர் மாதிரி.

எல்லாவற்றுக்கும் மேலே
தலைப்புக்கும் மேலே
கட்டம் கட்டி எழுதியது: பம்ப்.
நீல பம்ப், அதன் குழல், உபரியாக இன்னொன்று.
இரண்டு தலையணை வைத்து
பாதி உட்கார்ந்தபடி தூங்குகிறவளின் அம்மா
எந்த ஊருக்குத் திட்டம் போட்டாலும்
முதல் வரி அதுதான்.

போன அன்று ஞாயிறு.
எங்கள் டோக்கன் நூற்றுப் பதினேழு,
கூப்பிட்டுக்கொண்டிருந்தது முப்பத்தி நான்கை.
கிரேயான் டப்பா பேருந்திலேயே
பரங்கிப்பேட்டைப் பக்கம் போய்விட்டது.
குணாளன் கழிவறை தேடிப் போனார்,
நெடுநேரம் போனார்.

துறையோரச் சேற்றில்
விரல்நகம் அளவில் நண்டுகள்,
ஒரு கை மட்டும் பெரிதாய்.
அதைத் தூக்கித் தூக்கி இறக்கின.
"டாட்டா காட்டுதும்மா" என்றான் கோவேந்தன்.
காட்டினால் திரும்பக் காட்டுவதுதானே முறை.
இரண்டு பேரும் ஒன்றரை மணி நேரம்
நண்டுகளுக்குக் கையசைத்தார்கள்.
இது என் ரசீதில் எங்கேயும் இல்லை.

பிறகு படகு.
முழங்காலைத் தொடும் ஆரஞ்சுச் சட்டைக்குள்
இரண்டு தலைகள்.
நீர் வற்றும் நேரம்.
கரையெங்கும் சேற்றைக் குத்திக்கொண்டு
பென்சில் பென்சிலாய் நின்றவற்றைக் காட்டி
துடுப்பை நிறுத்தினார் படகுக்காரர்.
"இதெல்லாம் மூச்சு விடுற வேரு பாப்பா.
சேத்துக்குள்ள காத்து கெடையாது,
அதான் மூக்க வெளிய நீட்டிக்கிட்டு நிக்குது."

நறுமுகை வெகுநேரம் பேசவில்லை.
ஒரு மீன்கொத்தி குறுக்கே போனது,
ஐந்து மதிப்பெண், யாரும் எழுதவில்லை.

"இத்தன மரத்துக்கும் வீசிங்காம்மா?"

படகுக்காரர் சிரித்தார்.
நான் பைக்குள் கைவிட்டு
இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.
அவளோ படகு விளிம்பில் முகவாய் வைத்து
மூக்குகளை எண்ணத் தொடங்கியிருந்தாள்.
இருநூற்றுப் பன்னிரண்டில் தவறவிட்டு
மறுபடி ஒன்றிலிருந்து.
நாங்கள் திரும்பும்வரை
ஒருமுறைகூட இருமியதாய் எனக்கு நினைவில்லை.
இருமியிருக்கலாம்.

அச்சகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை.
அடுத்த ரசீது வந்த அன்று
அதன் பின்பக்கம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது,
ஏழு வயதுக் கையெழுத்தில்:

ஒன்று, சேரு.
இரண்டு, சேரு.
மூன்று, தம்பியும் நண்டும்.
நான்கு, பம்ப். மரத்துக்கும் ஒன்னு.

சிவப்புப் பேனா கையில்தான் இருந்தது.
சேரு, சேரு என்று இரண்டு முறை வாசித்தேன்.
மூடியைப் போட்டுவிட்டேன்.

ஐந்தாவது வரியில் மட்டும் பிழையே இல்லை:
கழிவறை எங்கே. அப்பாவைக் கேட்காதே.